கடைசிப் பீஸ்

டொனால்டின் மானம் நூற்று எண்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு. டெலிவரி இலவசம்.

இந்த விலை படிவதற்குப் பதினாறு நாள் ஆயிற்று. முதல் நாளான ஞாயிறு மாலை, எஸ்டேட்டின் மேல் டிவிஷன் வளைவுக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவர் தவழ்ந்துகொண்டிருந்தார். தேடியது இருளப்பனின் மெஷினை.

செடிவேலியைச் சமமாக வெட்டும் பேட்டரி மெஷின் அது. ஆரஞ்சு நிறம், முழ நீளத்துக்குப் பல் வைத்த பிளேடு. வீட்டுக்கு எதிரே மாதா சிலை வைத்த கெபியைச் சுற்றியிருந்த வேலியை வெட்டுவதற்காக இரவல் வாங்கியிருந்தார். வெட்டி முடித்து, மெஷினைக் காடியின் கூரைமேல் வைத்துவிட்டு, சாவியைத் தேடி எடுத்து, ஏறி உட்கார்ந்து எஸ்டேட் ஸ்டோருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது வளைவில் தலைக்கு மேல் ஏதோ உருண்டது. டொனால்ட் அதை இடி என்று நினைத்தார். கேமரன் மலையில் அது நியாயமான நினைப்புதான்.

இருட்டும்வரை தவழ்ந்ததில் பிளேடின் உறை மட்டும் கிடைத்தது. அதன் மேல் ஆணியால் 'இ' என்று கீறியிருந்தது.

இருளப்பன் எஸ்டேட் ஃபேக்டரி ஃபிட்டர். மகளுக்குப் பிரசவம் என்று ஈப்போ போயிருந்தார். அன்றிலிருந்து மூன்றாம் வெள்ளிக்கிழமை திரும்புவார். மறுநாள் சனிக்கிழமை மாரியம்மன் கோயிலில் எல்லாரும் சேர்ந்து துப்புரவு வேலை. வேலி வெட்ட மெஷின் வேண்டும்.

போன் போட்டு, "தொலைஞ்சு போச்சு லா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். தானா ராத்தா டவுனில் முதலாளி தவுக்கேயின் கடைக்குப் போய் இருநூற்று அறுபது வெள்ளியை வைத்து அதே மெஷினை வாங்கியும் விடலாம். இரண்டும் சுலபம். இரண்டையும் டொனால்ட் செய்ய முடியாது.

காரணம் போன தீபாவளி. இருளப்பன் தவுக்கே கடையில் அந்த மெஷினை வாங்கி வந்தபோது, ஆபீஸ் வாசலில் இருபது பேர் முன்னால் டொனால்ட் சிரித்தார்.

"இருநூத்தி அறுபதா? இதே சாமான ஆன்லைன்ல எண்பது வெள்ளிக்கு விட்டான் லா. தவுக்கே மகனுக்கு நீதான் காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கே."

இருளப்பன் கோபப்படவில்லை. "சரிப்பா. ஒரு நாள் நீயும் அந்தக் கடையில பில்லு வாங்குவே. அன்னைக்கு நான் பக்கத்துல நிக்கணும்" என்றார்.

அந்த நாள் வரக்கூடாது. அவ்வளவுதான் டொனால்டுக்கு வேண்டியது.

உண்மையில் டொனால்ட் சாதாரண ஆள் இல்லை. எஸ்டேட்டில் ஸ்டோர் கணக்குப் பார்க்கும் கிராணி. ஆணி முதல் உரம் வரை இருபத்திரண்டு வருஷ விலை அவர் தலைக்குள் இருந்தது. போனில் கடை வந்த பிறகு அந்தத் தலைக்குப் புது வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், ஃபாதரைவிட அவரைச் சுற்றித்தான் கூட்டம். ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"அண்ணே, இந்தக் குக்கர் வாங்கலாமா? அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க."

"அஞ்சு ஸ்டார் போடுறவன் பெட்டியப் பாத்துப் போடுறான். ஒரு ஸ்டார் போடுறவன் சாமானப் பாத்துப் போடுறான். கீழேருந்து படி."

தங்கம்மா, இருளப்பனின் சம்சாரம், ஒரு தடவை முப்பது வெள்ளிக்குத் தையல் மெஷின் என்று காட்டினாள். டொனால்ட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒரே வரியைத் தொட்டார்.

"எடை என்னா போட்டிருக்கான்?"

"இருநூறு கிராம்."

"இருநூறு கிராம்ல தையல் மெஷினா? ஊசி வரும் தங்கம்மா, நூலு வரும். மெஷின் வராது."

வந்ததும் அப்படித்தான். கேட்காமல் வாங்கிய பக்கத்து லைன் வீட்டுக்காரிக்கு ஊசியும் நூலும் அழகான பெட்டியில் வந்தன. அதிலிருந்து டொனால்ட் சொல்லாமல் மேல் டிவிஷனில் ஒரு கரண்டிகூட வாங்கப்பட்டதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு பலவீனம். மற்றவர்கள் தேவைக்கு வாங்குவார்கள், அவர் விலைக்கு வாங்குவார். அசல் இருநூறு, இன்று மட்டும் அறுபது என்று பார்த்துவிட்டால் கை தானாக அழுத்திவிடும். சாமான் வந்ததும் பெட்டியைப் பிரிக்கமாட்டார். பெட்டியின் அடிப்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் அசல் விலை, வாங்கிய விலை, லாபம் என்று மூன்று கணக்கை எழுதி, பின்னறையில் அடுக்கிவிடுவார். அப்புறம் விலை ஞாபகம் இருக்கும், பொருள் மறந்துபோகும்.

அவர் மனைவி மேவிஸ், எஸ்டேட் பாலர் பள்ளியில் ஆயா. போன வருஷம் ஒரு நாள் பின்னறை வாசலில் நின்று, "இன்னும் ஒரு பெட்டி வந்தா நம்ம ரெண்டு பேரும் கெபியிலதான் படுக்கணும்" என்றாள். மறுநாளிலிருந்து அவளே ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் அறைக்குள் நடமாட இடம் வந்துவிட்டது.

"எப்படி அடுக்கிட்டே பாரு," என்று டொனால்ட் மெச்சினார். "வியாபாரம்தான் உனக்கு வராது. அடுக்குறதுல உன்னை யாரும் அடிச்சுக்க முடியாது."

மேவிஸ் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அந்த வீட்டில் போன் சிக்னல் கிடைப்பது இரண்டே இடங்களில். முன்பக்கம் மாதா கெபியைப் பார்த்த ஜன்னலோரம். பின்பக்கம் பழைய டிஸ்பென்சரியைப் பார்த்த துணி துவைக்கும் கல்லோரம். ஜன்னல் டொனால்டுக்கு, கல் மேவிஸுக்கு என்று எப்போதோ பாகப்பிரிவினை ஆகிவிட்டது. திங்கட்கிழமை மாலை டொனால்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து நாற்பத்து மூன்று கடைகளை ஒப்பிட்டார்.

"இருளப்பன் அண்ணன் மெஷின் எங்கங்க?" என்று மேவிஸ் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஸ்டோர்ல பூட்டி வச்சிருக்கேன். பத்திரமா இருக்கு."

கைதான் பத்திரமாக இல்லை. நாற்பத்தொன்பது வெள்ளிக்கு அதே மெஷின், அதே ஆரஞ்சு நிறம், கண்ணில் பட்டது. அடுத்தவர் போனாக இருந்தால் எடையைப் பார்த்திருப்பார். சொந்தப் பயம் என்று வந்தபோது அவசரமாக அழுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. நீளமாக இருந்தது, கையில் எடுத்தால் காற்றுப்போல் இருந்தது. பிரித்தார். உள்ளே பிளேடின் உறை.

படத்தின் கீழே பொடி எழுத்தில், 'மெஷின் காட்டுவதற்கு மட்டும், விற்பனைக்கு உறை' என்று போட்டிருந்தது. தொலையாமல் மிஞ்சிய ஒரே பொருள் எதுவோ, அதையே நாற்பத்தொன்பது வெள்ளிக்கு இன்னொன்று வாங்கியிருந்தார்.

இரண்டாவது தடவை நிதானமாக இறங்கினார். எடையைப் பார்த்தார், ஒரு ஸ்டார்களைப் படித்தார், ஈப்போ கடைக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். நூற்று முப்பத்தெட்டு வெள்ளி. நேர்மையான மனிதர். அடுத்த வியாழக்கிழமை வந்தது முழு மெஷின், சரியான மாடல், பேட்டரியோடு.

பச்சை நிறம்.

திருப்பி அனுப்பிப் பணம் வாங்க இரண்டு வாரம் ஆகும். இருளப்பன் வர எட்டு நாள். டொனால்ட் யோசித்தார். மனிதன் யோசிக்கும்போது பக்கத்தில் பெயிண்ட் இருக்கக்கூடாது. எஸ்டேட் லோரிக்கு அடித்த ஆரஞ்சுப் பெயிண்டில் இருபத்திரண்டு வெள்ளிக்கு ஒரு டின் வாங்கி, சனிக்கிழமை முழுதும் ஸ்டோருக்குப் பின்னால் உட்கார்ந்து பச்சையை ஆரஞ்சாக்கினார். பார்க்க அச்சு அசலாக இருந்தது. காய்ந்த பிறகு பட்டனை அழுத்தினால், 'ம்ம்' என்று மட்டும் சொன்னது. பெயிண்ட் பிளேடின் பல்லுக்குள் இறங்கி இறுகியிருந்தது. பெயிண்ட் அடித்த சாமானைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் கடைக்காரன் எந்த நாட்டிலும் இல்லை.

சாப்பாட்டில் உட்கார்ந்தபோது மேவிஸ் அவர் விரல்களைப் பார்த்தாள்.

"என்னாங்க கையெல்லாம் ஆரஞ்சு?"

"பப்பாளி."

"பப்பாளில பெயிண்ட் தின்னர் வாசம் வருதே."

"மருந்து அடிச்ச பப்பாளி லா. லெம்பா பெர்த்தாம் தோட்டத்துது."

மேவிஸ் பின்னறைக்குப் போய் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. அடுக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை இருளப்பனிடமிருந்து போன். "பேரன் பொறந்துட்டான் லா. வெள்ளிக்கிழம வந்துடுவேன். மெஷினுக்குச் சார்ஜ் போட்டு வை."

டொனால்ட் நேராக தானா ராத்தாவுக்குக் காடியை விட்டார். மானம் போனால் போகட்டும் என்ற முடிவோடுதான் போனார். தவுக்கே கடை எதிரில் கால் மணி நேரம் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அந்த மெஷின் தொங்கியது, ஆரஞ்சாக, முழுசாக. தவுக்கே அவரைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"டொனால்ட், ஏழு வருஷமா நீங்க இந்தப் பக்கமே வரல. மாசுக் லா, உள்ள வாங்க. வெலை சொல்லமாட்டேன், சும்மா பாருங்க."

அந்த மரியாதைதான் தாங்கவில்லை. டொனால்ட் உள்ளே போனார். இரண்டு வெள்ளிக்கு ஒரு பாக்கெட் திருகாணி வாங்கிக்கொண்டு, பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். காடிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இருநூற்று அறுபதைக் கொடுக்காமல் தப்புவதற்கு இதுவரை இருநூற்றுப் பதினொன்று செலவாகியிருந்தது.

அன்று மாலைதான் போனில் அது தெரிந்தது. நேற்றுவரை கண்ணில் படாத ஒரு கடை. பெயர் 'லாஸ்ட் பீஸ் ஸ்டோர்'. ஆரஞ்சு மெஷின், பெட்டி பிரிக்காதது, இருநூற்று முப்பது வெள்ளி. அனுப்பும் இடம் பகாங், கேமரன் மலை இருக்கும் அதே மாநிலம்.

டொனால்ட் கடையை மேலும் கீழும் புரட்டினார். விற்றது அறுபத்திரண்டு சாமான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பீஸ். குக்கர் ஒன்று, மின்விசிறி ஒன்று, துளை போடும் மெஷின் ஒன்று. ஒரு ஸ்டார் எதுவுமே இல்லை. முடங்கிய ஸ்டாக் என்று ஒரு காசுக்குக்கூட இல்லை. கையில் வந்ததை வந்த சூட்டில் தள்ளியிருக்கிறான்.

"யாரோ பெரிய ஆளு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பேரத்தை ஆரம்பித்தார். போனில் பேரமெல்லாம் மலாயில்தான் நடக்கும்.

"பாஸ், நூத்தி இருபது?"

உடனே பதில் வரவில்லை. டொனால்டுக்கு நம்பிக்கை பிறந்தது. வேலையுள்ள கடை. இருபது நிமிஷம் கழித்து வந்தது.

"பேட்டரிக்கா பாஸ், மெஷினுக்கா?"

டொனால்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஈப்போல ஒருத்தர் நூத்தி முப்பத்தெட்டுக்குத் தர்றார் பாஸ்."

"நல்ல விலை. ஆனா அது பச்சை பாஸ். பெயிண்ட் தனியா வாங்கணும்."

போன் கைநழுவிக் கால்மேல் விழுந்தது. இவனுக்கு எப்படித் தெரியும்? பிறகு விளங்கிவிட்டது. எதிர்க்கடையில் என்ன நிறம் இருக்கிறது, வாங்கினவன் அதை என்ன செய்து கெடுப்பான் என்பதுவரை மார்க்கெட்டைப் படித்து வைத்திருக்கிறான்.

அடுத்து மௌன ஆயுதம். பொருளைக் கூடையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் கடைக்காரன் தானாக இறங்கி வருவான். டொனால்ட் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் நடந்தார். பின்னால் குக்கர் மூன்று விசில் அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் விலை இருநூற்று நாற்பது.

"என்ன பாஸ், ஏறியிருக்கு?"

"ஒரே ஆள் பதினோரு தடவை வந்து பாத்திருக்கார் பாஸ். கிராக்கி இருக்கு."

டொனால்டுக்கு வயிறு எரிந்தது. மனம் குளிர்ந்தது. தன்னை இப்படி ஒருவன் மடக்கி எத்தனை வருஷம் ஆயிற்று.

"பகாங்னு போட்டிருக்கு. நானே வந்து எடுத்துக்கிறேன். போஸ்டேஜ் கழிச்சுடுங்க."

"வேணாம் பாஸ். வீட்டுல இருக்கிறவங்களுக்கு என் வியாபாரம் தெரியாது."

"பொண்டாட்டிக்கே தெரியாம நடத்துறான்," என்று டொனால்ட் வாய்விட்டுச் சொன்னார். "கில்லாடி."

திங்கட்கிழமை சாயங்காலம் நூற்று ஐம்பதிலிருந்து இவரும் இருநூற்றுப் பத்திலிருந்து அவரும் நடந்து வந்து நூற்று எண்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசில் சந்தித்தார்கள். டெலிவரி இலவசம்.

"தொண்ணூறு காசு எதுக்கு பாஸ்?" என்று கடைசியாகக் கேட்டார்.

"அது இல்லன்னா உங்களுக்கு வாங்கின மாதிரியே இருக்காது பாஸ்."

அன்று இரவுச் சாப்பாட்டில் டொனால்டால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஸ்டோருக்கு ஒரு சாமான் வாங்கினேன் மேவிஸ். ஆளு யாருன்னு தெரியல. ஆனா என்னா மூளை. ஒரு வார்த்தை கூட வீணாப் பேசல. நான் இறங்குறதுக்கு முன்னால படிய எடுத்துடுறான்."

"அவ்வளவு கெட்டிக்காரனாங்க?"

"இவன் கையில ஒரு கடைய கொடுத்தா ஒரே வருஷத்துல தானா ராத்தாவ வாங்கிடுவான். நீயெல்லாம் இவன்கிட்ட மாட்டினா வீட்டையே எழுதிக் கொடுத்துட்டு வருவே."

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்," என்று மேவிஸ் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை. 'டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது' என்று காலை எட்டு மணிக்கே போன் சொன்னது. மலையில் வாரக்கடைசிக் கூட்டம். ஸ்ட்ராபெரி தின்ன வந்த காடிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. ஐந்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டொனால்ட் கதவைத் திறந்தார்.

இருளப்பன்.

"மெஷின குடு லா. நாளைக்குக் காலையில வேலை."

"முதல்ல பேரன் கதைய சொல்லு. மேவிஸ், தே ஆயேர் கொண்டா."

பேரன் கதை ஒரு தேநீருக்கு வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியின் கேன்டீன் விலைகள் இரண்டாவது தேநீருக்கு வந்தன. மூன்றாவதை இருளப்பன் தொடவில்லை. "ஏன் லா, மெஷின் இருக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டொனால்ட் மூச்சை இழுத்தபோது கெபிக்குப் பக்கத்தில் வேன் வந்து நின்றது.

டொனால்ட் ஓடினார். பார்சலை வாங்கி, கையெழுத்துப் போட்டு, பக்கவாட்டுக் குளியலறைக்குள் நுழைந்து தாழ் போட்டு, கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தார். ஆரஞ்சு. முழுசு. பட்டனை அழுத்தினால் தேன்கூடுபோல் பாடியது. ஸ்டிக்கர்களை உரித்தெறிந்தார். கடைசியாக, மூன்று வாரமாக ஜேப்பிலேயே வைத்திருந்த பழைய உறையைப் பிளேடில் மாட்டினார்.

இருளப்பன் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு மாதிரி இருக்கே."

"தொடச்சு வச்சேன்."

இருளப்பன் உறையைத் தடவினார். 'இ' இருந்தது. முகம் மலர்ந்தது.

"உன்கிட்ட இரவல் கொடுத்தா சாமானுக்கு வயசு குறையுது லா. தவுக்கேகிட்ட நான் கொடுத்த காசுக்கு இப்பத்தான் மதிப்பு." தோளில் சாய்த்துக்கொண்டு, லைனைத் தாண்டிக் கோயில் பக்கம் இறங்கிப் போனார்.

டொனால்ட் வாசற்படியில் உட்கார்ந்தார். காலி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். உலகம் அழகாக இருந்தது.

வேன்காரர் விஜயன் இன்னும் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவர், இரண்டு பார்சலோடு திரும்பி வந்தார். வாசலையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. டெலிவரி வழக்கமா வேற ஆளு. நான் காலையில சாமான் எடுக்க மட்டும்தான் வருவேன். இன்னைக்கு அவன் லீவு, ரெண்டு வேலையும் என் தலையில. இந்த லைன்ல வீட்டுக்கு நம்பரும் இல்ல. மாதா கெபி எதிரே நீல வாசல், பழைய டிஸ்பென்சரி எதிரே பச்சைக் கதவு. ரெண்டும் ஒரே வீடுதானே?"

"ஆமா. முன்வாசல் நீலம், பின்வாசல் பச்சை. அதுக்கென்ன?"

"இல்ல, உங்க மடியில இருக்கிற பெட்டிய செவ்வாக்கிழம பச்சைக் கதவுல அக்கா கையிலருந்து நான்தான் எடுத்தேன். ஈப்போ போயிட்டு வந்திருக்கு. சமையக்கட்டுலருந்து ஹாலுக்கு வர நூத்தி எழுபது கிலோமீட்டர் எதுக்குண்ணே?"

டொனால்ட் பெட்டியை மெதுவாகக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில், மங்கிய கறுப்பு மார்க்கரில், அவருடைய கையெழுத்தே இருந்தது.

அசல் 260. வாங்கியது 79.90. லாபம் 180.10.

அதன் கீழே நீல மையில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவதுபோல் உருண்டை உருண்டையாக:

விற்றது 189.90. போஸ்டேஜ் 10. லாபம் 100. பாக்கி: வாங்கியவர் தரவேண்டிய ஐந்து ஸ்டார்.